பொருத்தியவர் தவறு

யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். காட்கோபர் ஸ்டேஷனில், மாலை நெரிசலில், ஒரு பருத்த மனிதர் தன் சூட்கேஸை அவர் பாதத்தின் மேலேயே இறக்கி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "மாஃப் கரோ, பாயி" என்று சொன்னது இவர்தான். சூட்கேஸ்காரர் மன்னித்துவிட்டதாகத் தலையசைத்தார்.

அவரோடு மூன்று வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அது முடிந்து ஆறு வருடமாகிறது. பெயரை எழுதப் போவதில்லை. அவர் இன்னும் இதே தொழிலில் இருக்கிறார், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் என்னை மேடம் என்பார், மற்ற நேரங்களில் எம்மா என்பார். நான் செம்பூரிலிருந்து சாப்பாட்டு டப்பாவும் லேப்டாப்பும் தூக்கிக்கொண்டு வருகிற, படிப்பு முடித்து இரண்டு வருடமான பெண். அவர் தாராவியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். நாற்பதைத் தாண்டியிருக்கலாம்.

எங்கள் அலுவலகம் காட்கோபரில் ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரே ஒரு வகைக் கருவியை விற்றோம். ஒரு மெஷினில் ஏதோ ஒரு பாகம் நேர்கோட்டில் முன்னும் பின்னும் போய் வருகிறது என்றால், இந்த நொடியில் அது எங்கே நிற்கிறது என்று சொல்லும் கருவி. பிரஸ்ஸின் தட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது, பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளும் தண்டு எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது, இப்படி. அது ஒரு நூலளவு தப்பாகச் சொன்னால் பொருள் வீணாகும், ஒரு விரலளவு தப்பாகச் சொன்னால் அச்சே உடையும். பட்டறைக்காரர்கள் அதை ஸ்கேல் என்பார்கள். எந்த மெஷினுக்கு எந்த ஸ்கேல் என்று தேர்ந்தெடுப்பது என் வேலை. போய்ப் பொருத்துவது அவர் வேலை.

தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரு படிவம் இருந்தது, நானே தயாரித்தது. எவ்வளவு தூரம் நகர்கிறது, எவ்வளவு வேகம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எண்ணெய் தெறிக்குமா, தண்ணீர் படுமா, சூடு எவ்வளவு, அதிர்வு உண்டா, எவ்வளவு துல்லியம் தேவை. வாடிக்கையாளர்கள் இரண்டு கேள்விக்குத்தான் பதில் எழுதுவார்கள். தூரம், துல்லியம். துல்லியத்துக்கு எதிரே ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மிகச் சிறிய எண்ணை எழுதுவார்கள். ரப்பர் வாஷர் செய்கிற ஒருவர் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"அந்த மனுஷன் கையில கட்டிருக்க வாட்சே பத்து நிமிஷம் ஸ்லோம்மா," என்றார் அண்ணா.

அவர்களுக்கு வேண்டியது அவ்வளவு நுணுக்கம் அல்ல. நேற்று எந்த இடத்தில் நின்றதோ இன்றும் நாளையும் அதே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதிலேயே என் பாதி நாள் போகும். மீதிப் பாதி, இரண்டு வகையில் எதைக் கொடுப்பது என்று யோசிப்பதில். ஒன்று உரசும் வகை. உள்ளே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும், அதன் மேல் ஒரு மெல்லிய நாக்கு உரசிக்கொண்டே ஓடும். விலை குறைவு, யாரும் பொருத்தலாம். இன்னொன்று காந்த வகை. எதுவும் எதையும் தொடாது, தேயாது. விலை நாலு மடங்கு. பெரும்பாலான இடங்களுக்கு உரசும் வகை போதும் என்று நான் நம்பினேன். இன்றும் அதை மறுக்கமாட்டேன். பெரும்பாலான என்ற சொல்லை மட்டும் இப்போது கொஞ்சம் பயந்து எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் அவரோடு தாராவியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பக்கெட் மூடி செய்கிற இடம். அதன் முதலாளி அண்ணாவின் ஊர்ப் பக்கத்து அண்ணாச்சி.

"என்னவே ஸ்கேலு குடுத்தீரு? நாலு மாசம் தாங்கலையே. காலையில இருந்து மெஷினு படுத்துக் கெடக்கு," என்று வாசலிலேயே ஆரம்பித்தார் அண்ணாச்சி. என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையக் கூட்டியாந்து காட்டுனா ஓடிருமாக்கும்?"

ஸ்கேலின் தண்டு வளைந்திருந்தது. அதன் மேல் செருப்புத் தடம் தெளிவாகத் தெரிந்தது. எந்த அளவு செருப்பு என்றுகூடச் சொல்லிவிடலாம். மெஷின் ஓட்டுகிறவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் புதிதாக இருந்தது. அண்ணா குனிந்தார். கையிலிருந்த துணியால் அந்தத் தடத்தை முதலில் துடைத்தார்.

"நம்ம தப்புதான் அண்ணாச்சி. கிளாம்ப இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி மாட்டிருக்கணும்."

"அப்பம் ஒத்துக்கிடுதீரு?"

"ஒத்துக்கிடுதேன்."

"மாத்திக் குடுப்பீருல்லா?"

"கொண்டாந்திருக்கேன். ஒரு டீ சொல்லுங்க."

அண்ணாச்சி சண்டைக்கு என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவிழ்க்காமலேயே தீர்ந்துபோனது. டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் மெஷின் ஓடியது.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணா, அது செருப்புத் தடம்."

"ஆமா."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"அந்த ஆளு அதுமேல ஏறி லைட்டு மாட்டிருக்கான். சொன்னா அவன் வேலை போயிரும். வளஞ்ச தண்டு நிமிருமா? எம்மா, தப்பு யாரதுன்னு பேச ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிரும். என்னதுன்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஸ்பேனர எடுக்கலாம்."

எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அழகாகத் தெரிந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஒவ்வொரு பழுதுக்கும் அவர் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் காரணம் என்ற தலைப்பின் கீழே நாலு கட்டங்கள். பொருளின் குறை, தேர்வின் குறை, பொருத்தியதில் குறை, பயன்படுத்தியதில் குறை. பொருளின் குறை என்று டிக் போட்டால் ஸ்கேலைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பி, அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை அந்த மெஷின் நிற்கும். பயன்படுத்தியதில் குறை என்றால் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடமாட்டார். தேர்வின் குறை என்றால் அது அலுவலகத்தில் இருக்கிற பெண்ணின் தலையில் விழும். மூன்றாவது கட்டம்தான் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஆள் சரியாகப் பொருத்தவில்லை, ஆகவே உடனே மாற்றிக் கொடுத்தோம். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அவர் அநேகமாக எப்போதும் மூன்றாவது கட்டத்தில்தான் டிக் போட்டார்.

ஒரு முறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது ஸ்டோர் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். மேலும் கீழுமாக ஆறேழு வீடுகள், நடுவில் அடி வைக்கிற அகலத்தில் சந்து. அவர் மனைவி வாசலோரம் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

"காய்ச்சலுக்கும் மன்னிப்புக் கேட்டுட்டாகளா உங்ககிட்ட?" என்றார் அக்கா.

"போன்லயே கேட்டுட்டார்."

"எங்க வீட்டுல மழை ஒழுகுனாலும் இவுகதான் மன்னிப்புக் கேப்பாக. மழை கேக்காது."

உள்ளேயிருந்து அண்ணா, போர்வைக்குள்ளிருந்தபடி, "ஏளா, சும்மா இரி" என்றார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. போன வருடம் மாடி வீட்டுக்காரர்கள் குழாயை மூடாமல் போய்விட்டார்கள். சந்து முழுக்கத் தண்ணீர். கீழே இருக்கிற எல்லாரும் கூடிச் சத்தம் போட்டபோது இவர் போய், நான்தான் மூட மறந்தேன் என்று சொல்லிவிட்டார். மாடி வீட்டில் கைக்குழந்தை, அந்தப் பெண் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள், அதனால். அதோடு முடியவில்லை. அதற்கப்புறம் அந்தச் சந்தில் எந்தக் குழாய் திறந்து கிடந்தாலும், எந்தச் சாக்கடை அடைத்தாலும் நேராக இவர்கள் கதவைத்தான் தட்டினார்கள். சும்மா ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொண்டவர் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

"ஒருத்தன் ஒத்துக்கிட்டே இருந்தா ஊரு நம்பிரும்லாம்மா," என்றார் அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு நாள் ஒரு ரப்பர் பட்டறையிலிருந்து எனக்குப் போன் செய்தார். சூடான பிரஸ்ஸில் ரப்பரை வைத்து மூடி, அது வேகும்வரை சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்திருப்பார்கள். அங்கே இரண்டாவது தடவையாக ஸ்கேல் போயிருந்தது.

"எம்மா, இந்த பிரஸ்ஸு மூடி நிக்கும்போது ஒடம்பு நடுங்குத மாதிரி நடுங்குது. காந்தம் போடலாமோ?"

நான் கேட்டலாகைத் திறந்து வைத்திருந்தேன். "அண்ணா, அது ஒரு நாளைக்கு இருநூறு தடவைதான் மூடித் திறக்குது. இந்த ஸ்கேலோட ஆயுள் கோடிக்கணக்கான தடவை. கணக்குப் பார்த்தா நம்ம ஆயுசுக்கும் தேயாது."



"அப்பம் சரிம்மா. நான்தான் போல்ட்ட சரியா முடுக்கல போல."

என் நோட்டில் 'ரப்பர் பிரஸ், போல்ட், முடிந்தது' என்று எழுதி அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். முடிந்தவற்றின் மேல் கோடு இழுப்பது எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது வருடம் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். குஜராத்திக்காரர், என்னோடு இந்தியில் பேசுவார், கோபக்காரர் அல்ல. நிறைய ஸ்கேல்களை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறோம், ஏன் என்று தெரிய வேண்டும், இரண்டு வருட அறிக்கைகளையும் எடுத்து ஒரு அட்டவணை போடு என்றார். மூன்று நாளில் போட்டேன். மொத்தம் நாற்பத்தொரு அறிக்கை. அதில் முப்பத்தாறு, பொருத்தியதில் குறை. வண்ணம் கொடுத்து வரைபடமும் வைத்தேன். கீழே, பரிந்துரை என்று ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. 'பொருத்துபவருக்குப் பயிற்சி அளிக்கலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அந்த முப்பத்தாறில் ஒன்று செருப்புத் தடம் என்று எனக்குத் தெரியும். ஒன்றுதானே, மொத்தக் கணக்கை அது மாற்றாது என்று விட்டுவிட்டேன்.

முதலாளி பயிற்சி என்ற சொல்லைப் படித்தாரோ இல்லையோ, முப்பத்தாறு என்ற எண்ணைப் படித்தார். அந்த மாதக் கடைசியோடு அண்ணாவை அனுப்பிவிட்டார்.

கடைசி நாள் அவர் டூல் பையைக் கொண்டுவந்து என் மேஜை அருகே வைத்தார். ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துக் காட்டி, பட்டியலில் நான் டிக் போடும்வரை நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பட்டியலைப் பார்த்தேன்.

"சேட்டு உங்க தாளக் காட்டுனாரு," என்றார்.

"அண்ணா, நான் பயிற்சின்னுதான்..."

"கணக்கு சரியாத்தாம்மா போட்டிருக்கிய."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததை நான் கூட்டியிருந்தேன், கூட்டல் சரியாக இருந்தது, அதைச் சொன்னார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி இறங்குகிற செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அவர் இடத்துக்கு வந்தவர் டோம்பிவிலியிலிருந்து வருகிற மராட்டிக்காரர். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார், எல்லாவற்றையும் போட்டோ எடுப்பார். அறிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மேடம், யே ஆப்கா ஹை" என்றார். இது உங்களுடையது. இரண்டாவது கட்டத்தில் டிக் இருந்தது. தேர்வின் குறை. ரப்பர் பிரஸ். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

அவர் எடுத்த போட்டோவில் ஸ்கேல் அறுத்துத் திறக்கப்பட்டிருந்தது. கறுப்புப் பட்டை முழுக்கப் புதிது மாதிரி இருந்தது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. பிரஸ் மூடி நிற்கிற இடம். கேட்டலாகில் போட்டிருந்த கோடி என்பது, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடித் திரும்புகிற ஓட்டங்களின் கணக்கு. பிரஸ் மூடி நிற்கும்போது நாக்கு ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கி நடுங்கி, ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒரே புள்ளியை உரசுகிறது. நான் ஓட்டத்தை எண்ணினேன், நடுக்கத்தை எண்ணவில்லை. அதிர்வு உண்டா என்ற கேள்வி என் படிவத்தில் இருந்தது. அதைக் காலியாக விட்டவர்களை நான் ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

அண்ணா பழைய ஸ்கேல் எதையும் எறிந்ததில்லை. ஒவ்வொன்றிலும் பட்டறைப் பெயரை எழுதி ஸ்டோரில் கட்டி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை புதியவரும் நானுமாக எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்தோம். என் தேர்வால் போனவை என்று பதினொன்றை என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பதினொன்று என் தவறு, மற்றவற்றிலும் பல அண்ணாவின் தவறு அல்ல. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் இரண்டு வருடம் பொய் எழுதியிருக்கிறான்," என்றார். "கை சரியில்லாதவனுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பொய் எழுதுகிறவனுக்கு என்ன கொடுப்பது? நீயே சொல்."

இனிமேல் சரியாகத் தேர்ந்தெடு என்று சொல்லி அனுப்பினார். என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அன்றைக்குச் செம்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியாது.

அண்ணாவைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில் மிக்ஸி பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். மாட்டுங்காவுக்குப் போக வேண்டியிருந்தால் அந்தக் கடைக்கு எதிர்ச் சாரியில் நடந்தேன்.

அக்கா ஒரு நாள் போன் செய்தார்.

"நீங்க போட்ட தாளு அங்கயும் போயிட்டும்மா."

சான்பாடாவில் பேக்கிங் மெஷின் செய்கிற ஒரு கம்பெனி. அண்ணாவைக் கூப்பிட்டு ஒரு மெஷினில் வேலை செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பிடித்துப்போயிற்று. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி எதுவும் கூட்டிச் சொல்லவில்லை, என் அட்டவணையை அப்படியே அனுப்பிவிட்டார். இப்போது அவர்கள் கேட்கிறார்கள், நாற்பத்தொன்றில் முப்பத்தாறு உன் தவறு என்றால் உன்னை எப்படிச் சேர்ப்பது, புதன்கிழமைக்குள் பதில் சொல் என்று.

"அண்ணா என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவாக? அதுல இருக்கது நான் எழுதுனதுதான்னு சொல்லிட்டு வந்துட்டாக."

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு அறிக்கைகளின் நகலோடு அந்தச் சந்துக்குப் போனேன். அண்ணா இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இவ்வளவு தூரம் உங்கள அலைய விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"எய்யா, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க," என்றார் அக்கா. "அந்தப் பிள்ள என்னமோ கேக்க வந்திருக்கு."

நான் தாள்களைப் பாயில் வைத்தேன். "ஒவ்வொண்ணுக்கும் உண்மையில என்ன காரணம்னு நீங்க சொல்லணும். நான் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"என்னத்துக்கும்மா. முடிஞ்சது முடிஞ்சு போச்சு."

"முடியலை அண்ணா. புதன்கிழமைக்குள்ள குடுக்கணும்."

"பட்டறைக்காரனெல்லாம் படிச்சா..."

"பட்டறைப் பேர் எழுத மாட்டேன். நம்பர் மட்டும்தான்."

அவர் முதல் தாளை எடுத்து வெகு நேரம் பார்த்தார். நல்ல ஞாபகம் இருப்பது முகத்தில் தெரிந்தது, சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "இது ஏறி மிதிச்சது," என்றார் கடைசியில், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி. அடுத்தது வேகமாக வந்தது. இது கிரேன் கொக்கி பட்டது. இது பொருளே சரியில்லை, டப்பாவைத் திறக்கும்போதே சத்தம் வந்தது. இது நான்தான், நெசமாவே நான்தான், வயரை இழுத்துக் கட்டிவிட்டேன். ரப்பர் பிரஸ் தாள் வந்தபோது அதை என் பக்கமாகப் பாயில் தள்ளி வைத்தார். அப்படி ஒவ்வொன்றாக என் பக்கம் ஒரு அடுக்கு சேர்ந்தது.

முடித்ததும் நான் கூட்டினேன். பயன்படுத்தியதில் குறை பதினாலு. பொருளின் குறை ஏழு. உண்மையாகவே அவர் பொருத்தியதில் குறை நாலு.

"உங்களது எத்தன வருது?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு பயன்படுத்தியதில் குறை என்று வைத்திருந்த அடுக்கில் விரலை விட்டு ஒரு தாளை உருவினார். காட்கோபரில் ஊறுகாய் நிரப்புகிற மெஷின். வேலை முடிந்ததும் தினமும் குழாயைப் பிடித்துக் கழுவுகிற இடம், தண்ணீர் உள்ளே போய் ஸ்கேல் கெட்டிருந்தது.

"மாட்டப் போறதுக்கு முந்தியே சொன்னேன். தண்ணி ஊத்திக் கழுவுதாங்க, இது தாங்காதுன்னு. மேல ஒரு கவர் போட்டா போதும்னிய."

எனக்கு நினைவு வந்தது. கவர் என்று சொன்ன குரல்கூட நினைவு வந்தது. கொஞ்சம் அவசரமாக, வேறு எதையோ டைப் செய்துகொண்டே சொன்ன குரல்.

"பன்னெண்டும்மா," என்றார். தாளை என் அடுக்கின் மேல் வைத்து, ஓரங்கள் ஒட்டி நிற்கும்படி இரண்டு கையாலும் தட்டிச் சரிசெய்தார்.

பதினாலைப் பதின்மூன்றாகத் திருத்தினேன். கடிதத்தில் பன்னிரண்டு என்றே எழுதினேன். தேர்வு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். எங்கள் கம்பெனித் தாளில் அனுப்ப முதலாளி சம்மதிக்கவில்லை, வெள்ளைத் தாளில் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை சான்பாடாவிலிருந்து மேனேஜர் போனில் பேசினார். பத்து நிமிடம் கேள்வி கேட்டார். கடைசியில், "கையைப் பற்றிச் சந்தேகமில்லை, வாயைப் பற்றித்தான் யோசிக்கிறோம்" என்றார். என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டார். முதலாளி அன்றைக்குக் கேட்ட அதே கேள்விதான். பொருத்துகிற வேலையை மட்டும் அவரிடம் விடுங்கள், அறிக்கை எழுத விடாதீர்கள் என்றேன்.

சேர்த்துக்கொண்டார்கள். ஆறேழு மாதம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"போவுது. ரிப்போர்ட்டு எழுதுததுக்குன்னு இவுக கூட ஒரு ஆள அனுப்புதாங்க. அவரு எல்லாத்தையும் உள்ளபடி எழுதுவாராம். எழுதுன ஒடனே அங்க சண்டை தொடங்கிருமாம், நீ மிதிச்ச, நான் மிதிக்கலன்னு."

"அண்ணா என்ன பண்ணுவார்?"

"சண்டை தீருற வரைக்கும் வெளிய நிக்கணும். வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்தே வாங்கிட்டாங்கல்லா." அக்கா முருங்கைக்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நேத்து மூணு மணி நேரம் நின்னுருக்காக. உள்ள மெஷினும் நின்னுருக்கு."